அலரிக்கு வாசனை உண்டா?

நாஸேயிடம் அலரி வாங்கப் போகிறவன் கூடவே இரண்டு வசவும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவான். அது இலவசம். பூவுக்கு வளர்க்கிற அரளி இல்லை இது, ஓடைக்கரையில் வளர்கிற ஆற்றலரி. கூடாரப் பண்டிகைக்கு முந்தைய நாலைந்து நாள், ஜெருசலேமில் எங்கள் சந்தை மூலையில் ஈரச் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாள். சுற்றிலும் நாரத்தங்காய் வியாபாரிகள் மேஜையும் பூதக்கண்ணாடியும் பஞ்சு வைத்த பெட்டியுமாகக் கொலுவீற்றிருப்பார்கள். பேரீச்சங்குருத்து விற்கிறவனுக்கும் மிருதுச்செடிக் கொத்து விற்கிறவனுக்கும் ஆளுக்கொரு பலகையாவது உண்டு. இவள் ஒருத்திக்குத்தான் தரை.

இந்த நாலும் சேர்ந்தால்தான் பண்டிகைக்கு ஒரு கட்டு. ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றையும் கையில் பிடித்து ஆட்டிப் பிரயோசனமில்லை. எங்கள் தெருவில் கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆனாலும் நாரத்தங்காயில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் கண்ணை இடுக்கிப் பார்க்கிறவன், அலரி என்று வந்தால் போகிற போக்கில், "அந்தப் புல்லுல ரெண்டு குச்சி போடும்மா" என்பான். அவ்வளவுதான், தொலைந்தான்.

"எதுய்யா புல்லு? உன் தாடிதான் புல்லு! கோயில் நின்ன காலத்துல பலிபீடத்தைச் சுத்தி நிறுத்த எங்கேருந்து அலரி வெட்டிட்டு வந்தாங்க? கீழ இருக்கிற மோட்ஸாலேருந்து. நான் எங்க வெட்டறேன்? அதே மோட்ஸா. உன் நாரத்தங்காய் எங்கேருந்து வந்துச்சு? பஞ்சுல சுத்தி, பெட்டியில படுத்து, ஆஸ்பத்திரிக்குப் போற நோயாளி மாதிரி வந்துச்சு. அது உசத்தி, இது புல்லா?"

வசவு வாங்கியவன் சிரித்துக்கொண்டே நாலு குச்சி கூடுதலாக வாங்கிப் போவான். அவள் அலரி அப்படி. காம்பு செக்கச்செவேலென்று இருக்கும். இலை விளிம்பு நாக்கால் தடவிப் பார்த்தாலும் உறுத்தாது. நுனி மொட்டு ஒன்றுகூட முறிந்திருக்காது. விடிகிற முதல் பஸ்ஸில் மோட்ஸாவுக்குப் போய், முழங்கால் அளவு ஓடைத் தண்ணீரில் இறங்கி, அரிவாளால் அறுத்து, ஈரச் சாக்கில் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். அலரி திமிர் பிடித்த செடி. தண்ணீரை விட்டுப் பிரித்தால் மறுநாளே தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

அவளுக்கு அலரி தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஸாகோ ஊரில், காபூர் ஆற்றங்கரை அலரி நிழலில் துணி துவைத்து வளர்ந்தவள். குர்திஸ்தான் யூதர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறிய வருஷத்தில் அவளும் புருஷன் ஷாபோவோடு வந்து இறங்கினாள். முதலில் கூடாரம், அப்புறம் தகரக் கொட்டகை, அப்புறம் எங்கள் சந்தில் ஒற்றை அறை, முன்னால் ஒரு துண்டு முற்றம், அதில் ஷாபோ வளர்க்கிற புறா. வந்த இரண்டாம் வருஷம், சந்தையில் அலரி விற்பதைப் பார்த்துவிட்டு, "ஆத்தங்கரையில சும்மா கிடக்கிறதையா இவங்க வாங்கறாங்க!" என்று வாயில் கை வைத்தாள். மூன்றாம் வருஷம் கையில் அரிவாள் வந்துவிட்டது.

ஷாபோ கல் சுமக்கிறவன். எழுத்து தெரியாது. ஜெபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் "ஆமென்" சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. வேலை முடிந்து வருகிற வழியில் யார் வீட்டு ஓடு சரிந்திருந்தாலும் ஏறிச் சரி பண்ணிவிட்டு, கூப்பிடுவதற்குள் இறங்கிப் போய்விடுவான். ஜெப ஆலயத்தில் அவனுக்குக் கடைசி பெஞ்சு, சுவரோரம். எங்கள் மத குரு ஹாகாம் ஸெமாஹ் பிரசங்கம் ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் அவன் தலை சாயும், தொப்பி நழுவும், வழுக்கை பளபளக்கும். மேலே பெண்கள் மாடத்து மரக்கம்பி வழியாக நாஸே அந்த வழுக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாரம் முழுக்க அவனைத் திட்டித் தீர்க்கிறவளுக்கு, அந்த ஒரு மணி நேரம் அப்படியொரு நிம்மதி. ஊரை விட்டு, ஆற்றை விட்டு வந்தோம், ஆனால் இவனுக்கு இங்கே ஒரு இடம் இருக்கிறது என்று தோன்றும்.

போன வருஷப் பண்டிகையில்தான் அது கெட்டது.

எங்கள் ஹாகாம், பண்டிகை முதல் நாள் கட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால், பழைய ரப்பிமார் சொல்லிவைத்த விளக்கத்தைச் சொல்வார். நாரத்தங்காய்க்குச் சுவையும் உண்டு, மணமும் உண்டு. வேதமும் படித்து நல்லதும் செய்கிறவர்கள் அப்படி. பேரீச்சுக்குச் சுவை உண்டு, மணம் இல்லை. படிப்பு உண்டு, செயல் இல்லை. மிருதுச்செடிக்கு மணம் மட்டும். செயல் உண்டு, படிப்பு இல்லை. அலரிக்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. அதைச் சொன்ன அதே நொடியில் ஷாபோ கர்ரென்று ஒரு குறட்டை விட்டான். ஹாகாமின் கண் அந்தப் பக்கம் போனது. பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சத்தம் வந்தால் யாரும்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் முன் பெஞ்சில் இருந்த மீரோ தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். நாரத்தங்காய் வியாபாரி, ஜெப ஆலயக் காரியஸ்தனும் அவன்தான். "அலரி! எழுந்திருப்பா அலரி!" என்றான். மொத்தக் கூட்டமும் கொல்லென்று சிரித்தது.

ஷாபோவும் விழித்து, எதற்கென்று புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வரும் வழியில் யாரோ அதை விளக்கியிருக்கிறார்கள். வந்தவன் உட்கார்ந்து, குழம்பில் போட்ட கூபே உருண்டையைச் சாப்பிட்டான். "நல்லாருக்கு" என்றான். அடுத்த சனிக்கிழமை முதுகு வலி என்றான். அதற்கடுத்த வாரம் புறாவுக்கு உடம்பு சரியில்லை. ஒரு வருஷம் ஓடிப்போனது. மகா உபவாச நாளில்கூட உள்ளே வராமல், வெளியே சன்னலடியில் நின்றே ஆமென் சொன்னான். மாடத்திலிருந்து பார்த்த நாஸேக்குக் காலியான பெஞ்சுதான் தெரிந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகையைப் பாவ மன்னிப்புக்கு அழுகிறாள் என்று பக்கத்துப் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பாவமாவது மண்ணாவது. அவளுக்கு வயிறெரிந்தது. அதே ரப்பிமார் வேறு என்னென்னவோ சொல்லியிருக்கிறார்களே! பேரீச்சங்குருத்து முதுகெலும்பு, மிருது இலை கண், நாரத்தங்காய் இதயம், அலரி இலை உதடு என்று சொல்லவில்லையா? அலரிதான் நம் தாய் ராகேல் என்று சொல்லவில்லையா? கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொண்டவள்தான் அவளும். அந்த நல்ல பேச்செல்லாம் எப்போதோ ஒரு முறை. சுவையில்லை மணமில்லை மட்டும் வருஷா வருஷம். இந்தப் பண்டிகைக்கு ஷாபோவை அந்த பெஞ்சில் உட்கார வைக்காவிட்டால் நான் ஸாகோக்காரி இல்லை என்று முடிவு கட்டினாள்.

பண்டிகைக்கு முந்தைய நாள் மத்தியானம் மீரோ வந்தான்.

"நாஸே, எண்பது குச்சி எடுத்து வை. நம்ம ஜெப ஆலயத்துக்கு, நாப்பது கட்டு."

"இல்லை."

"என்ன இல்லை? கண்ணு முன்னாடி குவிஞ்சு கிடக்கு!"

"இருக்கு. உங்களுக்கு இல்லை. சுவையும் இல்லாத மணமும் இல்லாத சரக்கு உங்களை மாதிரி பெரிய மனுஷங்களுக்கு எதுக்கு? இன்னும் ரெண்டு நாரத்தங்காயைச் சேத்துக் கட்டிக்கோங்க."

"விளையாடாதே நாஸே. சாயங்காலம் பண்டிகை பொறந்துடும்."

"நான் விளையாடல. ஹாகாமைக் கூட்டிட்டு என் வீட்டுக்கு வா. 'ஷாபோ, உன் இடம் காலியா கிடக்கு, வாப்பா'ன்னு ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லுங்க. எண்பது என்ன, நூறு குச்சி சும்மாவே தர்றேன்."

மீரோவுக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு அலரியை அழைக்க ஹாகாம் நடந்து வரணுமா? ஊருல நீ ஒருத்திதான் விக்கறியா? போடி."

போனான். ஆனால் அந்த வருஷம் அனல் காற்று அடித்து, மோட்ஸாவைத் தவிர மற்ற ஓடையெல்லாம் வற்றிப்போயிருந்தது. மற்றவர்களின் அலரி காலையிலேயே தீர்ந்துவிட்டது, மிச்சம் இருந்தது கருகியது. மீரோ சந்தையை மூன்று சுற்றுச் சுற்றினான். கடைசியில் ஹதேரா பக்கத்திலிருந்து வந்த ஒரு லாரிக்காரனிடம் ஒரு மூட்டை கிடைத்தது. நீளமான ஒல்லி இலை, சிவந்த காம்பு, பச்சைப் பசேல். நாரத்தங்காயின் நுனியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அந்த மகாபுத்திசாலி, அலரிதானே என்று மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே நாஸேயின் முன்னால் நடந்து போனான்.

"பாத்தியா? உன் புல்லு உன்கிட்டயே இருக்கட்டும்!"

மூட்டை அவளைக் கடந்தபோது கமகமவென்று அடித்தது. நாஸேயின் மூக்கு துடித்தது. தைல மரம்! சதுப்பு நிலத்தில் வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்களே, ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிற அதே தைல மரம். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு வசவை விழுங்கினாள்.

வீட்டுக்கு வந்து இருந்த அலரி அத்தனையையும் இரண்டு வாளித் தண்ணீரில் நிறுத்தினாள்.

"யோவ், இதெல்லாம் உனக்கு. இப்பவே கொடுத்துட்டேன். இனிமே உன்னுது."

முற்றத்தில் பண்டிகைக்காகக் கட்டிய கூடாரத்தின்மேல் ஓலை போட்டுக்கொண்டிருந்த ஷாபோ எட்டிப் பார்த்தான். "எனக்கெதுக்கு இவ்ளோ? புறா தின்னாது."

"வாயை மூடிட்டு வச்சுக்கோ. உன் பொருள்னு ஞாபகம் வச்சுக்கோ, அது போதும்."

மறுநாள் காலை ஜெப ஆலயத்துக்குள் நுழைந்தவர்கள் ஒவ்வொருவராகத் தும்மினார்கள். நாற்பது கட்டு, நாற்பதிலும் தைலம். யாரோ கிழவர் நெஞ்சில் மருந்து தடவி வந்திருக்கிறார் என்று ஆளாளுக்கு அடுத்தவனைப் பார்த்தார்கள். ஹாகாம் ஸெமாஹ் முப்பது வருஷம் பொடி போட்டு மூக்கு செத்துப்போன மனிதர். அவருக்கே லேசாக ஏதோ எட்டியது. "இந்த வருஷம் மிருதுச்செடி பிரமாதம்" என்று மீரோவைப் பாராட்டினார். மீரோ மார்பில் கைவைத்துக் குனிந்தான்.

பிரசங்கம் ஆரம்பமாயிற்று. நாரத்தங்காய் வந்தது, பேரீச்சு வந்தது, மிருது வந்தது. மேலே நாஸே கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் அடுத்தது ஆசீர்வாதம். அலரி இல்லாத கட்டை வைத்துக்கொண்டு நாற்பது பேரும் கடவுள் பெயரை வீணாகச் சொல்வார்கள், அந்தப் பாவம் தன் தலையில் விழும். அவளுக்கு அந்த பயம் உண்டு. குறும்பு வேறு, இது வேறு.

"அலரி," என்றார் ஹாகாம். "அதுக்குச் சுவையும் கிடையாது, மணமும்..."

"ஹாகாம்!" என்று மாடத்திலிருந்து ஒரு குரல். பிரசங்கத்தின் நடுவில் பெண் குரல் கேட்டு அந்தக் கூரை பழகியதில்லை. "அலரிக்கு வாசனை உண்டா?"

"இல்லைன்னுதானே சொல்லிட்டிருக்கேன்!"

"அப்போ உங்க கையில இருக்கிறதைக் கசக்கி மோந்து பாருங்க!"

ஹாகாம் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். முப்பது வருஷப் பொடியையும் தாண்டித் தைலம் உள்ளே போனது. கண்ணில் நீர் வந்தது. ஏழு தும்மல். எட்டாவதை அடக்கிக்கொண்டு, "மீரோ," என்றார். "மீரோ, என்னப்பா இது?"

மீரோ தன் கட்டை மோந்தான். முகம் நாரத்தங்காயைவிட மஞ்சளாயிற்று.

"வாசனை இருந்தா அது அலரியே இல்லை," என்றார் ஹாகாம் மெல்ல. "எல்லாக் கட்டும் செல்லாது."

பண்டிகை நாளில் மரத்தைத் தொட்டு வெட்டக் கூடாது. நேற்றே வெட்டிய அலரி எங்கே இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரியும். நாற்பது தாடிகளும் மாடத்தை நோக்கி நிமிர்ந்தன.

"என்னைப் பாக்காதீங்க," என்றாள் நாஸே. "அத்தனையும் ஷாபோவுக்குக் கொடுத்துட்டேன். வேணும்னா அவர்கிட்டப் போய்க் கேளுங்க."

ஜெபச் சால்வை போர்த்த நாற்பது பேர், முன்னால் ஹாகாம், பின்னால் தலை குனிந்த மீரோ, எங்கள் சந்தில் ஊர்வலமாகப் போனது அதுதான் முதல் தடவை. மாடத்துப் படியில் பெண்கள் கூட்டத்தில் சிக்கிக் கடைசியாக இறங்கிய நாஸே, குறுக்கு வழியாக ஓடினாள். சும்மா கொடுத்துவிடாதே, கெஞ்ச விடு, உன்னை அழைத்தால்தான் தருவேன் என்று சொல் என்று அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதற்குத்தான். மூச்சிரைக்க முற்றத்துக்குள் நுழைந்தபோது ஹாகாம் அங்கே முன்னமே வந்து நின்றிருந்தார். ஷாபோவின் இரண்டு வாளியும் காலி.

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான் மடையன். "எல்லாருக்கும் கொடுத்துட்டேன். இனிமே உங்களுது. மீரோ, உனக்கு நல்லதா ரெண்டு எடுத்து வச்சிருக்கேன், இந்தா."

போட்ட திட்டமெல்லாம் போச்சு! நாஸேக்கு அந்த வாளியையே அவன் தலையில் கவிழ்க்கலாம்போல் இருந்தது. அலரியை வாங்கிக் கட்டில் செருகிக்கொண்டு ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். ஷாபோ புறாவுக்குத் தானியம் இறைக்க உட்கார்ந்துவிட்டான். ஹாகாம் மட்டும் அசையவில்லை.

"ஷாபோ, உனக்குக் கட்டு இருக்கா?"

"அலரி ரெண்டு குச்சி இருக்கு ஹாகாம். நாரத்தங்காய் இல்லை."

ஹாகாம் தன் கட்டையும் நாரத்தங்காயையும் அவன் மடியில் வைத்தார். அந்த நாரத்தங்காய், மீரோ தன் பெட்டியிலேயே உயர்ந்ததாகப் பொறுக்கி அவருக்குக் காணிக்கையாகக் கொடுத்தது.

"இது உன்னுது."

மீரோ பதறிப்போனான். "ஹாகாம்! 'திருப்பித் தரணும்கிற நிபந்தனையோட'ன்னு சொல்லுங்க! முதல் நாள் இரவல் செல்லாது, சொந்தமா இருக்கணும். இப்படி ஒரேயடியா கொடுத்துட்டா அப்புறம் நீங்க எதை வச்சு..."

"எனக்குத் தெரியும் மீரோ. நிபந்தனை எதுவும் இல்லை." ஹாகாம் ஷாபோவைப் பார்த்தார். "போன வருஷம் நான் சிரிக்கல. ஆனா சிரிச்சவங்களைத் தடுக்கவும் இல்லை. நான் போறேன். இன்னிக்கு நான் ஆசீர்வாதம் சொல்றதும் சொல்லாததும் உன் கையில."

வெறுங்கையோடு நடந்து போனார்.

நாஸே வாயைத் திறந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லாதே," என்றான் ஷாபோ.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளில் இரண்டாவது தடவை. ஜெப ஆலயத்துக்குத் திரும்பி மாடம் ஏறி, கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். கீழே யாரும் கட்டைத் தூக்கவில்லை. ஹாகாம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வரமாட்டான், புறாவோடுதான் உட்கார்ந்திருப்பான், என் வாயால்தான் எல்லாம் கெட்டது என்று நாஸே தன்னையே திட்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.

கதவு திறந்தது. ஓய்வுநாள் கோட்டு, பொத்தான் ஏறுமாறாக. தோளில் ஒரு புறா இறகு. கட்டைக் கைக்குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு ஷாபோ நேராக முன்னால் நடந்தான். ஹாகாம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, அவன் ஆசீர்வாதத்தைத் திருப்பிச் சொன்னான், ஆட்டினான். பிறகு கட்டை நீட்டினான்.

"இந்தாங்க ஹாகாம். உங்களுக்கே கொடுத்துட்டேன்." கொஞ்சம் யோசித்தான். "ஆனா திருப்பித் தரணும். அந்த நிபந்தனையோடதான்."

முதலில் சிரித்தவர் ஹாகாம்தான். தாடி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அப்புறம் கூட்டமே சிரித்தது. ஷாபோவும் சிரித்தான், இந்த முறை எதற்கென்று தெரிந்தே. ஹாகாம் ஆசீர்வாதம் முடித்து இரண்டு கையாலும் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். தன் சிறந்த நாரத்தங்காய் கடைசி பெஞ்சுக்குப் போவதை மீரோ கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரசங்கம் பாதியில நிக்குது. எங்க விட்டேன்?"

"அலரியில," என்றான் மீரோ, ஈனக்குரலில்.

ஹாகாம் தொண்டையைச் செருமினார். அதற்குள் கடைசி பெஞ்சில் தலை சாய்ந்துவிட்டது. தொப்பி நழுவித் தரையில் விழுந்தது. கர்ரென்று முதல் குறட்டை. மீரோ எழுந்தான், மேலே நாஸேயின் கை, இல்லாத அரிவாளை இறுகப் பிடித்தது. மீரோ பூனை நடை நடந்து பின்னால் போய், தொப்பியை எடுத்து, ஊதி, ஷாபோவின் தலையில் மெதுவாக வைத்துவிட்டு வந்தான். ஹாகாம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவன் விழித்துவிடக் கூடாதென்று அவ்வளவு தாழ்த்தினார். கேட்பதற்கு முன் பெஞ்சுக்காரர்களே கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது.

மாடம் வரைக்கும் ஒரு வார்த்தைகூட எட்டவில்லை. அன்றைக்கு அலரியைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று நாஸேக்கு இன்றுவரை தெரியாது; யாரையும் கேட்கவும் இல்லை. கம்பி வழியாக அந்த வழுக்கையைத் தேடினாள். மீரோ வைத்த தொப்பி அதை முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது.

"பாவி, இதையும் கெடுத்துட்டான்," என்று முணுமுணுத்துவிட்டு, தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.